சாமி கீது மிஸ்: வகுப்பில் மறுத்துப் பேச விடுவது எப்படி

வேலூரைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு பழைய கிண்டல் உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. ஆளுக்குத் தகுந்தபடி பட்டியல் கூடும், குறையும். கடைசியில் ‘அழகில்லாத பெண்கள்’ என்று ஒன்றைச் சேர்த்துச் சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன்பு ஓர் ஏப்ரல் மதியம், சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட், ஒன்பதாம் வகுப்பு. வெளியே நெருப்பு வெயில், உள்ளே பாதிப் பேர் தூக்கம். எழுப்புவதற்காக இந்தக் கிண்டலை எடுத்துவிட்டேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

“சாமி கீது மிஸ். போன வாரம்தான் கும்புட்டுக்கினு வந்தோம்.”

வகுப்பே சிரித்தது. நான் சொன்ன பதில்: “ஓ, சார் பெரிய ஆராய்ச்சி. உக்காரு.”

உட்கார்ந்தான். அடுத்த இரண்டு வாரம் எதற்கும் கை தூக்கவில்லை. அவன் மட்டுமா, அந்தப் பெஞ்சே தூக்கவில்லை.

அவன் சொன்னதுதான் சரி. கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேசுவரர் கோயில் வெகுகாலம் மூலவர் இல்லாமல் கிடந்தது உண்மை. ஆனால் 1981-இல் லிங்கத்தை மறுபடி உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். இது எனக்கும் தெரியும். தெரிந்தும் உட்கார வைத்தேன், ஏனென்றால் 41 பேர் முன்னால் ஒரு பதினான்கு வயசுப் பையன் என்னைத் திருத்திவிட்டான்.

குடியாத்தம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் 22 வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். பிள்ளைகளை யோசிக்க வைப்பது, மறுத்துப் பேச வைப்பது, அது அடிதடியில் முடியாமல் பார்த்துக்கொள்வது, இவை பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பெரும்பாலும் சொதப்பித்தான் கற்றுக்கொண்டேன். அதனால் சொதப்பல்களும் சேர்ந்தே வரும்.

முதலில் நாம் தோற்றுக் காட்ட வேண்டும்

நம் வீடுகளில் பிள்ளை காதில் விழுகிற முதல் ஒழுக்கப் பாடமே ‘எதிர்த்துப் பேசாதே’ என்பதுதான். மறுத்தால் மரியாதைக் குறைவு என்று ஐந்து வயதுக்குள் பதிந்துவிடுகிறது. “பயப்படாம கேளுங்கப்பா” என்று நானும் வருடக்கணக்கில் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவனுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து எல்லார் முன்னாலும் சொன்னேன்: “அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. உன்னை உட்கார வச்சது என் தப்பு.” தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் பயனில்லை. அவமானப்படுத்தியது பொதுவில், எனவே திருத்திக்கொள்வதும் பொதுவில். அப்புறம் அந்தக் கிண்டலையே பலகையில் எழுதி, “இதுல எது இன்னைக்கும் உண்மை? எப்படிச் சரிபார்ப்பீங்க?” என்று கேட்டேன்.

அந்த ஒரு பீரியட் எனக்குப் பல வருடத்துக்கான பாடம். தண்ணி இல்லாத ஆறு என்பதை ஒரு கூட்டம் அடித்து வீழ்த்தியது: 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதை அவர்களே நின்று பார்த்தவர்கள். இன்னொரு பெண், “வருஷத்துல பத்து நாள் ஓடினா ஆறுன்னு சொல்லலாமா மிஸ்?” என்றாள். ஒருவன், மணலைத் தோண்டினால் ஊற்று வரும், தண்ணீர் அடியில் ஓடுகிறது என்று தன் தாத்தா சொன்னதைச் சொன்னான். ராஜா இல்லாத கோட்டை சரிதான் என்று எல்லோரும் விட்டுவிட இருந்தபோது பின் பெஞ்சில் ஒருத்தி, “இப்போ எந்தக் கோட்டையிலதான் ராஜா கீறாரு? நம்ம ஊரை மட்டும் ஏன் சொல்லணும்?” என்றாள். எனக்கு அது ஒருநாளும் தோன்றியதில்லை.

‘அழகில்லாத பெண்கள்’ வந்ததும் பெண்கள் பக்கம் கொதித்தது. “கோபப்படறதுக்கு முன்னாடி, இதை எப்படிச் சரிபார்ப்பீங்க?” என்றேன். முடியாது என்றார்கள். ஏன் முடியாது? கோயிலுக்குப் போய்ப் பார்க்கலாம், ஆற்றை நேரில் பார்க்கலாம். அழகை எதை வைத்து அளப்பது, யார் அளப்பது? சரிபார்க்கக்கூடிய செய்தி வேறு, அபிப்பிராயம் வேறு என்று பாடப் பாணியில் நான் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் இப்படி ஏறியிருக்காது.

உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு சொலவடை, ஒரு கிண்டல் நிச்சயம் இருக்கும். அதில் ஆரம்பியுங்கள். ஆம்பூர் பிரியாணியா, வாணியம்பாடி பிரியாணியா என்று ஆரம்பிக்கச் சொல்லி ஒரு சக ஆசிரியர் யோசனை சொன்னார். செய்து பார்த்தேன். கூச்சம் போக ஒருநாள் உதவும், அவ்வளவுதான். சரிபார்க்க அதில் ஒன்றும் இல்லை, வகுப்புக்குப் பசிதான் எடுத்தது.

இன்னொரு சின்ன வேலையும் செய்தேன். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரை லீடர் பலகையில் எழுதுவது எல்லாப் பள்ளியிலும் உண்டு. என் வகுப்பில் அதே பலகையின் வலது மூலையில், அன்று நல்ல கேள்வி கேட்டவர் பெயரையும் கேள்வியையும் நான் எழுதுகிறேன். பதில் சொன்னவர் பெயரை எழுதுவதில்லை. முதல் வாரம் பெயருக்காகக் கேட்டார்கள், “மிஸ், உங்களுக்கு எத்தனை புடவை?” என்கிற அளவுக்கு. மூன்றாவது வாரத்தில் தானாக அடங்கியது.

“எப்படித் தெரியும்?”

எனக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. புருவத்தைத் தூக்கிக் கேட்டால் இது ‘உனக்கென்னடா தெரியும்’ ஆகிவிடும். அதனால் பிள்ளைகள் என்னைக் கேட்கிறதில் தொடங்கினேன். பாடத்தில் நான் எதைச் சொன்னாலும் யாராவது ஒருவர் “எப்படித் தெரியும் மிஸ்?” என்று கேட்க வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும். புத்தகத்தில் இருக்கிறது என்று சொன்னால், “புத்தகத்துக்கு எப்படித் தெரியும்?” சில நாள் மாட்டிக்கொள்வேன். “தெரியலை, பார்த்துச் சொல்றேன்” என்று சொல்லிப் பழகிக்கொண்டேன். முதல் முறை நாக்கு எழவில்லை.

கேள்வி கேட்டபின் காத்திருக்க வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டுப் பார்த்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீளமாகவும் காரணத்தோடும் வந்தன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி ஒன்றுமில்லை என்று தோன்றும். 41 முகம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது எவ்வளவு நீளம் என்று நின்று பாருங்கள். நான் மனசுக்குள் வேப்பமரத்துக் கிளைகளை எண்ணுகிறேன்.

ரேஷன் அரிசியிலும் மதிய உணவிலும் செறிவூட்டப்பட்ட அரிசி வர ஆரம்பித்த சமயம் இந்தக் கேள்விக்கு நல்ல வேலை கிடைத்தது. “சாப்பாட்டுல பிளாஸ்டிக் அரிசி கலக்கறாங்க மிஸ், வாட்ஸ்அப்ல வந்துச்சு, எங்க வீட்டுலயும் தண்ணியில மிதக்குது” என்று ஒரு பெண் சொன்னாள். பாதி வகுப்பு ஆமோதித்தது, பாதி சிரித்தது. சிரித்தவர்களிடமும் அதே கேள்விதான்: பிளாஸ்டிக் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்கும் தெரியவில்லை.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி வந்தது. நிறம் லேசாக மாறியிருந்த மணிகளைப் பொறுக்கினோம். அறிவியல் ஆசிரியர் ஸ்பிரிட் விளக்கோடு வந்தார். ஒரு மணியை ஒரு கரண்டியிலும், உடைந்த பிளாஸ்டிக் ஸ்பூன் துண்டை இன்னொன்றிலும் வைத்துக் காட்டினார். ஸ்பூன் உருகிச் சொட்டியது. அரிசி கருகி, அடிபிடித்த சோற்று வாடை அடித்தது. சரி, பிளாஸ்டிக் இல்லை. அப்போது ஏன் மிதக்கிறது? அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் அழுத்தி எடுத்த மணி அது. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்று கலக்கிறார்கள். சாதாரண அரிசியைவிட அடர்த்தி குறைவு, அதனால் சில மணிகள் மேலே வரும்.

இங்கே முடித்திருந்தால் ‘வதந்தியை நம்பாதே’ என்ற பாடமாகப் போயிருக்கும். முதலில் சொன்ன பெண் விடவில்லை. “எங்கம்மா பயந்தது தப்பில்லையே மிஸ். அரிசி மாதிரி இல்லாத ஒண்ணு அரிசியில கீதுன்னா யாருக்கும் சந்தேகம் வரும். இது இன்னான்னு யாரும் வந்து சொல்லலையே.” வலது மூலையில் அன்று அவள் பெயர்தான்.

ஜூலை 10

வேலூர்ப் பிள்ளைகளுக்கு 1806, அதாவது வேலூர்க் கோட்டையில் ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் எழுந்த ஆண்டு, வாய்த்தது பெரிய அதிர்ஷ்டம். நடந்த இடத்தைப் போய்த் தொட்டுப் பார்க்கலாம். மக்கான் சந்திப்பில் நினைவுத்தூண் நிற்கிறது. பாடத்திலும் வருகிறது. தேர்வுக்கு ‘காரணங்கள் யாவை’ என்று ஐந்து மதிப்பெண் கேள்வி, பிள்ளைகள் மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். அதே பாடத்தை நான் துண்டுச் சீட்டில் நடத்துகிறேன்.

ஒரு சீட்டில்: சிப்பாய்களுக்கு ஆங்கிலேயர் போட்ட 1805 நவம்பர் உத்தரவு. நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை. இன்னொன்றில்: திப்பு சுல்தான் குடும்பம் கோட்டைக்குள்ளேயே காவலில் இருந்தது, 1806 ஜூலை 9 அன்று திப்புவின் மகளுக்குக் கல்யாணம், மறுநாள் விடியும் முன் எழுச்சி. மூன்றாவதில்: சிப்பாய்கள் மைசூர் சுல்தானின் புலிக்கொடியை ஏற்றினார்கள். நான்காவதில்: ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கினார். பிறகு உடை உத்தரவு வாபஸ் ஆனது, கவர்னர் பென்டிங்கையும் தளபதி கிராடாக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது, திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

கேள்வி ஒன்றுதான்: தலைப்பாகையா, திப்பு குடும்பமா, எது பெரிய காரணம்? முதலில் தனியாக இரண்டு வரி எழுத வேண்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும். எங்கள் வகுப்பில் வீட்டில் தெலுங்கும் உருதும் பேசுகிற பிள்ளைகள் நிறைய. இந்த இடத்தில் எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசலாம். தமிழில் தடுமாறுகிற ஒரு பையன் உருதுவில் தோழனிடம் எவ்வளவு அழகாக வாதாடுகிறான் என்று அன்றுதான் பார்த்தேன். அதன்பிறகே பொதுவில்.

பொதுவில் பேசும்போது ஒரு விதி. மறுக்கிறதற்கு முன்னால், எதிராளி சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், எதிராளி “ஆமா, அதான்” என்று சொல்லும்வரை. ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும், நேரம் போகும். ஆனால் பாதிச் சண்டை இங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் அவன் அப்படிச் சொல்லவே இல்லை என்பது தெரிந்துவிடும். அப்புறம் பாதி நேரத்தில் கட்சி மாறச் சொல்வேன். தலைப்பாகை என்றவர்கள் திப்பு குடும்பத்துக்காகப் பேச வேண்டும். முனகுவார்கள். ஆனால் ஒருத்தி கட்சி மாறியதும்தான் கேட்டாள்: “உத்தரவு போட்டது வெள்ளைக்காரங்க தப்பு. அதை மறைக்க திப்பு பசங்க மேல பழியைப் போட்டிருக்கலாம் இல்ல?” யார் சொன்னது, அதனால் சொன்னவருக்கு என்ன லாபம் என்ற இரண்டாவது கேள்வி இப்படித்தான் எங்கள் வகுப்புக்குள் வந்தது.

சாவு எண்ணிக்கையையும் ஒரு முறை எடுத்தேன். ஆங்கிலேயர் தரப்பில் அதிகாரி இத்தனை, வீரர் இத்தனை என்று கணக்கு இருக்கிறது. செத்த சிப்பாய்களின் எண்ணிக்கை புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. ஏன்? கொஞ்ச நேரம் அமைதி. வேப்பங்கிளைகளை எண்ணி முடித்தேன். “கணக்கு எழுதினவன் அவன் ஆளைத்தானே எண்ணுவான்” என்றான் ஒரு பையன். ‘கலகம்’ என்று யார் எழுதினார்கள், ‘புரட்சி’ என்று யார் எழுதினார்கள் என்பதற்குப் பிறகு நான் விளக்கமே சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் கெடுத்துக்கொண்ட பாடம்

பட்டிமன்றம் எனக்கு மிகவும் பிடிக்கும். பொங்கலன்று டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ஆனால் வகுப்புக்கு அது ஆகாது என்பது என் முடிவு. கட்சி முன்பே பிரிந்துவிடுகிறது, நடுவில் மனசு மாறினால் துரோகம். கைதட்டல் ஜோக்குக்கு. கடைசியில் நடுவர் தீர்ப்பு, அதாவது டீச்சர் என்ன நினைக்கிறார் என்று கண்டுபிடிக்கும் போட்டி.

இது தெரியாத காலத்தில் ‘தோல் தொழிற்சாலைகள்: வரமா சாபமா’ என்று பட்டிமன்றமே வைத்தேன். எங்கள் பக்கத்தில் இதைவிட உயிருள்ள தலைப்பு கிடையாது. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடிவரை பாலாற்றங்கரையில் டேனரிகள், அந்தக் கழிவால் கெட்ட கிணறுகள், அந்த வருமானத்தில் அடுப்பெரிகிற வீடுகள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி, ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் படிக்கிற வழக்கு.

பத்து நிமிடம் நன்றாகப் போனது. அப்புறம் ஒரு பையன் எதிரே நின்ற பெண்ணைப் பார்த்து, “உங்கப்பா தோல் கம்பெனியில வேலை செய்யறாரு, அதான் இப்படிப் பேசற” என்றான். அவளுக்குப் பதில் வரவில்லை. பின்னால் யாரோ அவள் தெருவின் பெயரைச் சொன்னார்கள். தோலும் தெருவும் சேர்ந்தால் எங்கள் பக்கம் அது என்ன வசவு என்று எல்லோருக்கும் தெரியும். அவள் அழுதாள். நான் கத்தினேன். அத்தோடு பாடம் முடிந்தது. அடுத்த நாள் அவள் வரவில்லை, அவளுடைய அம்மா வந்தார். அந்த அம்மா என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போதும் அதே தலைப்பை நடத்துகிறேன், வேறு மாதிரி. சீட்டுக் குலுக்கல். கிணறு கெட்ட விவசாயி, ஷூ கம்பெனியில் தைக்கிற பெண், டேனரி முதலாளி, ஆஸ்பத்திரி டாக்டர், மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி. யாருக்கு எது வருகிறதோ அவராகப் பேச வேண்டும். தன் வீட்டுக்காக யாரும் பேச வேண்டியதில்லை, யாருடைய வீட்டையும் யாரும் இழுக்க முடியாது. ‘உங்கப்பா’, ‘உங்க ஊரு’, ‘உங்க ஆளுங்க’ மூன்றும் தடை. இதைப் பாடத்துக்கு முன்பே பலகையில் எழுதிவிடுகிறேன். சாதி, மதம் பற்றி யாராவது ஒரு சொல் விட்டால் விவாதம் அங்கேயே நிற்கும். அது ஒரு கருத்து, இதுவும் ஒரு கருத்து என்று நான் தராசு பிடிப்பதில்லை.

பேசி முடித்ததும் வராந்தாவில் இந்தச் சுவர் முதல் அந்தச் சுவர்வரை சாக்பீஸ் கோடு. ஒரு முனை ‘மூடணும்’, மறுமுனை ‘இருக்கட்டும்’. எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், பாடத்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. இடம் மாறியவர்கள் ஏன் என்று சொல்ல வேண்டும். நிறையப் பேர் நடுவில்தான் நிற்பார்கள், “சுத்திகரிச்சு விட்டா இருக்கட்டும்” என்று. “சுத்திகரிக்கறாங்களான்னு யார் பார்க்கறது?” என்று எதிரிலிருந்து ஒரு குரல் வரும்.

சண்டை வந்தே விட்டால்

வரும். வந்தால் குரலை உயர்த்தாதீர்கள், தாழ்த்துங்கள். எல்லோரும் பேனாவை எடுத்து, இப்போது எதற்காகச் சண்டை என்று இரண்டு நிமிடம் எழுதச் சொல்லுங்கள். எழுதுகிற கை அடிக்காது என்று எங்கள் பழைய ஹெச்.எம். ஒருவர் சொல்வார். அது முழு உண்மை இல்லை, காம்பஸால் குத்திய கதையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பெரும்பாலும் பலிக்கிறது. இருவரையும் அப்போதே நிற்க வைத்து “ஸாரி சொல்லு, கை குடு” என்று மட்டும் செய்யாதீர்கள். அந்த ஸாரியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்த் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் ஒருவராகக் கூப்பிட்டுக் கேளுங்கள், மத்தியான சாப்பாட்டுக்குப் பிறகு. வயிறு நிறைந்தபின் பாதி வேகம் இருக்காது.

மறுக்கிறதற்கு வார்த்தையும் கொடுக்க வேண்டும். “போடா லூசு”வைத் தவிர வேறு வாக்கியம் தெரியாத பிள்ளையிடம் அதைப் பிடுங்கிவிட்டு ஒன்றும் தராமல் விட்டால் என்ன செய்யும்? “நீ சொல்றது புரியுது, ஆனா எனக்கு இப்படித் தோணுது”, “அதுல இந்தப் பகுதி சரி, இது இடிக்குது” என்று நாலைந்தை அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறேன். கேலியாகத்தான் சொல்ல ஆரம்பித்தார்கள். “இடிக்குது மிஸ்” இப்போது எங்கள் வகுப்பின் பட்டப்பெயர் மாதிரி.

பேசாத பிள்ளைகளுக்கு மேசை மேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. பெயர் போடாமல் கேள்வி போடலாம். பெண் பிள்ளைகளின் நல்ல கேள்விகளில் பாதி முதலில் அதில்தான் வந்தது.

போர்ஷன் எப்படி முடிப்பீர்கள் என்று கேட்பீர்கள். வாரத்துக்கு ஒரு பீரியட், மற்ற நாட்களில் ஐந்து நிமிடம், அவ்வளவுதான் நான் எடுப்பது. பத்தாம் வகுப்புக்கு ஜனவரிக்குப் பிறகு நிறுத்திவிடுகிறேன், பொய் சொல்ல மாட்டேன். சத்தம் வருகிறது என்று பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வரும். முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் ஓர் அப்பா, “என் பொண்ணு வீட்டுல எது சொன்னாலும் எப்படித் தெரியும்ங்கறா டீச்சர், நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாமே” என்றார். ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டில் கேட்கும்போது எந்தக் குரலில் கேட்க வேண்டும் என்று அடுத்த வாரம் ஒரு பீரியட் அதற்கே போனது.

பீரியட் முடியும்போது நான் தீர்ப்புச் சொல்வதில்லை. “நீங்க இன்னா நினைக்கறீங்க மிஸ்?” என்று துளைப்பார்கள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்பேன், அடுத்த வாரம் அவர்களே மறந்திருப்பார்கள் அல்லது அவர்களே பதில் கொண்டு வந்திருப்பார்கள். தீராத கேள்வியை வலது மூலையில் கட்டம் போட்டு எழுதி, ‘அழிக்காதீர்கள்’ என்று கீழே போட்டுவிட்டு வெளியே வருகிறேன். அடுத்த பீரியட் கணக்கு. கணக்கு சார் பெரிய பெரிய எழுத்தில் எழுதுகிறவர். மூலை தப்பினால் உண்டு.